தொட்டிச் சுவரின் கனம்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வருங்கால ஆசிரியர்களுக்குக் கணிதம் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். போன வருடம் எங்கள் வளாகத்தில் இருக்கும் வட்டமான சிமெண்ட் தொட்டியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கச் சொல்லி மாணவர்களை டேப்போடு அனுப்பினேன். தண்ணீர் நிற்கும் உயரம் 2 மீட்டர், அதில் தகராறு இல்லை. சுற்றளவு ஒரு குழுவுக்கு 6.25 மீட்டர், இன்னொரு குழுவுக்கு 6.35. வெறும் 10 செ.மீ.தானே என்று பார்த்தால், கணக்கில் 200 லிட்டர் இடித்தது. அப்போது ஒரு மாணவி, "நாம அளந்தது வெளிச்சுற்று ஆச்சே சார், சுவரோட கனம்?" என்றாள். சுவர் 5 செ.மீ. அதைக் கழித்ததும் இன்னும் 600 லிட்டர் காணாமல் போனது.

ஆரம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று புத்தகமே கொடுத்துவிட்டால் சுவரை யார் நினைப்பார்கள்?

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள கோத்தே பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய 'மேத்சிட்டிமேப்' செயலி இதற்கென்றே உள்ளது. நடந்துபோகும் பாதையில் சில இடங்களைக் குறித்து, படம் சேர்த்து, அங்கே போய் அளந்தால்தான் விடை வரும்படி கணக்கு வைக்கலாம். பாதையை முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும். சிக்னல் சரியாகக் கிடைக்காத எங்கள் அஞ்செட்டிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதன் அருமை புரியும். எனக்குப் பிடித்தது வேறொன்று. விடையை ஒற்றை எண்ணாகத் தராமல், இதிலிருந்து இதுவரை சரி என்று எல்லை வைக்கலாம். அந்த எல்லையைக் கணக்கை உருவாக்குபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவரே நாலு முறை அளந்தாக வேண்டும்.

நான் கேட்பதும் அதுதான். யாரோ போட்ட பாதையில் நடந்துவிட்டு வந்தால் போதாது. ஒவ்வொரு பயிற்சி மாணவரும் தன் ஊரில் ஒரு பாதையை உருவாக்கட்டும். அதற்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் கொடுங்கள். ரெக்கார்டு நோட்டுகளில் ஒன்றைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். (யாரும் அழமாட்டார்கள்.) கேட்டிலேயே போனை வாங்கி வைக்கும் வழக்கத்தை, பாதை போடும் நாட்களிலாவது தளர்த்தச் சொல்லுங்கள்.

போன் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று சொல்லவில்லை. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும். தொட்டியை அளக்க டேப்தான்.

இடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஒகேனக்கல் பரிசல் உண்மையிலேயே வட்டம்தானா என்று குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்க்கலாம். எங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டையில் (பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னம்) ஒரு பக்கக்கல்லின் எடை என்ன? கிரானைட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.7 டன். கல்லைத் தொடாமல், அருகில் ஒரு மீட்டர் கோலை நிறுத்திப் படமெடுத்து, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஓரம் சுற்றிப் புள்ளி வைத்தால் பரப்பு கிடைக்கும். அதைக் கல்லின் கனத்தால் பெருக்கினால் கனஅளவு, அதிலிருந்து எடை. படம் சாய்வாக இருந்தால் விடையும் சாயும். அப்புறம் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம்.

இந்த வருட மாணவர்களோடு மல்லச்சந்திரம் போகப்போகிறோம். உங்களில் ஒருவர் வந்தால் கோல் பிடிக்க ஆள் கிடைக்கும். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர் பயிற்றுநர்