இலையும் ரம்பமும் இல்லாத ஒரு லோகோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்களுக்கு அடையாளம் உருவாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், மரப் பராமரிப்பு நிறுவனங்களைப் பற்றியும் இரண்டு பத்திகள் இருந்தன. பச்சை நிறம், ஒரு மரத்தின் படம், மனதில் நிற்கும் பெயர் என்று அதில் சொல்லியிருந்ததைத் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஏற்கெனவே செய்திருப்பது அதைத்தான். வட்டத்துக்குள் ஒரு மரம், கீழே ஒரு செயின்சா (சங்கிலி ரம்பம்), சுற்றிலும் பெயர். பத்து வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் எது யாருடையது என்று உரிமையாளருக்கே சட்டென்று தெரியாது. மரவேலையோடும் அதற்கான வடிவமைப்போடும் அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

மரத்துக்கு ஆள் கூப்பிடுகிறவருக்கு இரண்டு பயம் உண்டு. கிளை வீட்டின் மேல் விழுந்துவிடுமோ என்பது ஒன்று. வெட்டியபின் மரம் பட்டுப்போய்விடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்கு எல்லா நிறுவனமும் பதில் சொல்கிறது. இரண்டாவதைத் தொடுகிறவர்கள் குறைவு. வித்தியாசமான அடையாளத்துக்கு இடம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வடிவமைப்பாளரிடம் போகுமுன் ஒரு தாளை எடுத்து, ‘எந்தெந்த வேலையை நாங்கள் செய்ய மாட்டோம்’ என்று எழுதிப் பாருங்கள்.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது மொட்டையடிப்பது. உச்சியை ஒரே மட்டமாக வெட்டிவிட்டால் மரம் தன் இலைகளில் பெரும்பகுதியை இழந்து, சேமித்துவைத்த உணவைச் செலவழித்து, வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து கொத்துக்கொத்தாகக் குருத்துகளை அவசரமாக விடும். அவை தாய்க்கட்டையின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பவை, உள்ளே ஆழமான பிடிப்பு இல்லாதவை. சில வருடம் கழித்துக் கனம் ஏறியதும் காற்றில் முறிவது அவைதான். வெட்டுவாயில் தொடங்கும் அழுகலும் கீழே இறங்கும். அடுத்தது, கிளையைத் தண்டோடு தண்டாகச் சீவுவது. கிளையின் அடியில் மோதிரம்போல் தடித்த பகுதி ஒன்று இருக்கிறதே, புண்ணை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கிக் காட்டியது இதைத்தான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. மோதிரத்தைச் சீவினால் அந்தச் சுவரும் போய்விடும். நீளமாகக் கட்டையை விட்டாலும் கெடுதல்தான். கட்டை காய்ந்து, அழுகலுக்கு வழியாகிவிடும். வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவது, இருக்கப்போகும் மரத்தில் ஆணிச் செருப்பு மாட்டிக்கொண்டு ஏறுவது ஆகிய இரண்டையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஆணி ஏறிய ஒவ்வோர் அடியிலும் ஒரு புண்.

இந்த ஐந்தாறு வரிகளை விலைப்புள்ளித் தாளின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள். வாடிக்கையாளர் படிக்கும் முதல் தாள் அதுதான், விசிட்டிங் கார்டு இல்லை. ‘மொட்டையடிக்க மாட்டோம்; பாரமான கிளையை அளவாகக் குறைத்துத் தருவோம்’ என்று எழுதுகிற நிறுவனம் சில வேலைகளை இழக்கும். இழக்கட்டும். ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்ற வரி எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பயன்படாது.

சின்னத்துக்கான யோசனையும் இங்கேயே கிடைக்கும். சரியாக வெட்டிய இடத்தைச் சில பருவம் கழித்துப் பார்த்தால், புதுத்திசு விளிம்பைச் சுற்றி உருண்டு வளையமாகத் திரண்டிருக்கும். நடுவில் காய்ந்த மரம், சுற்றிலும் தடித்த உயிருள்ள வளையம். ஒரே நிறத்தில் வரையலாம், நகத்தளவுக்குச் சுருக்கினாலும் சிதையாது, இதைச் சின்னமாக வைத்திருப்போர் அரிது. விவரம் தெரிந்தவர் பார்த்ததும் புரிந்துகொள்வார், தெரியாதவர் ‘இது என்ன?’ என்று கேட்பார், இரண்டும் நல்லதே. கிளையும் தண்டும் சேரும் இடத்துப் பட்டை மடிப்பையும், அதற்கு எதிர்ச்சாய்வில் விழும் வெட்டுக்கோட்டையும் இரண்டே கோடுகளாக வரைவது இன்னொரு வழி. கயிற்று முடிச்சும் அழகுதான், ஆனால் மலையேற்றம், படகு என்று கவனம் வேறெங்கோ போய்விடும். செயின்சா படம் ‘மரத்தை அகற்றுவோம்’ என்று சொல்கிறது. மரம் இறக்குவதும் வேர்க்கட்டை அரைப்பதுமே உங்கள் வருமானம் என்றால் அதைத் தாராளமாகப் போடுங்கள், அதில் பொய் இல்லை. மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ரம்பத்தை வரைவதுதான் பொருந்தாது.

பெயரைப் பொறுத்தவரை ஒரு சோதனை போதும். மரத்தூளாக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் ஒரே தடவையில் எழுதிக்கொள்கிறாரா? ‘மர டாக்டர்’ வகைப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு: என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி பின்னாலேயே வரும். பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கமான ஐ.எஸ்.ஏ. தரும் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்றிதழ் தனிநபருக்கு உரியது, நிறுவனத்துக்கு அன்று. சான்றிதழ் பெற்றவர் வேலையை விட்டால் அந்த முத்திரையும் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். ஆகவே அதை லோகோவுக்குள் இணைத்து வரையாதீர்கள்.

இனி, கட்டுரை தொடாத பகுதி: இந்தச் சின்னம் எதன்மேல் உட்காரப்போகிறது என்பது.

வண்டியை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் என்பது விளம்பரப் பலகைக்காரர்களின் கணக்கு. 30 மீட்டரில் படிக்க வேண்டுமென்றால் எழுத்து 250 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டதுமே, பக்கவாட்டில் எழுத நினைத்த பதினெட்டுச் சேவைகளுக்கு இடமில்லை என்பது தெரிந்துவிடும். பெயர், என்ன வேலை, தொலைபேசி எண் மூன்றும் போதும். பின்பக்கத்தைத்தான் மற்ற ஓட்டுநர்கள் நின்று நிதானமாகப் படிப்பார்கள், ஆனால் கிளை ஏற்றும் வண்டியில் முதலில் மறைவதும் அதுதான். எண்ணைக் கதவின் மேல்பாதியில் போடுங்கள். கைப்பிடியும் தகட்டு இடுக்கும் எங்கே வருகின்றன என்று வண்டியை அளந்தபிறகே வடிவமைப்பை முடிக்க வேண்டும். தள்ளுகதவைத் திறந்ததும் பெயரில் பாதி காணாமல்போகும் வண்டிகள் ஏராளம்.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒன்று. வெட்டி ஒட்டும் வினைல் ஸ்டிக்கரில் ஒற்றெழுத்தின் புள்ளி தனித் துண்டு. தேவையற்ற படலத்தை உரிக்கும்போது அது கூடவே வந்துவிடும், அல்லது தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது பறந்துவிடும். ‘மரம்’ என்ற சொல் கொஞ்ச நாளில் ‘மரம’ ஆகிவிடும். பெரிய புள்ளியுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் புள்ளியை எழுத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி வரையச் சொல்லுங்கள். சட்டையில் தையல்பூ போடும்போதும் தமிழுக்கு இதே தொல்லைதான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்துகளில் நூல் அடைத்துக்கொள்ளும். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வெளியும் கட்டியாகிவிடும். கோடு 1 மில்லிமீட்டருக்கு மெலிந்தால் தையல் அறுபடும். ஆகவே சட்டைப்பைக்கு மேல் சின்னமும் பெயரும் மட்டும் போதும், அடைமொழி வரி வேண்டாம்.

பாதுகாப்பு உடுப்பில் கவனம் இன்னும் கூட வேண்டும். செயின்சா கால்சட்டைக்குள் இருக்கும் இழைகள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்துவதற்காக அடுக்கப்பட்டவை. அந்தப் பகுதியில் லோகோவைத் தைத்தால் ஊசி அடுக்குகளை ஒன்றாகப் பிணைத்துவிடும், இழைகள் உருவி வர முடியாது. உயிர்காக்கும் பொருள் சாதாரணக் கால்சட்டையாகிவிடும். ஒளிரும் மேலங்கிக்கும் அளவுண்டு: ஐரோப்பியத் தரமான ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20471இன்படி, இரண்டாம் வகுப்பு உடுப்பில் ஒளிரும் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டரும், ஒளியைத் திருப்பும் பட்டை 0.13 சதுர மீட்டரும் வெளியே தெரிய வேண்டும். முதுகை நிறைக்கும் லோகோ இந்தக் கணக்கைத் தின்றுவிடும். ஹெல்மெட்டில் பெயின்ட் அடிப்பதோ, கிடைத்த பசையால் ஒட்டுவதோ கூடாது. கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை நொய்ந்துபோகச் செய்யும். தயாரிப்பாளர் அனுமதித்த ஸ்டிக்கரை, அவர் அனுமதித்த இடத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: கரும்பச்சைமேல் பழுப்பு எழுத்து தூரத்தில் ஒரே கறையாகத் தெரியும். ஒளிரும் ஆரஞ்சு துணியில் அருமையாக வரும், ஆனால் நான்கு வண்ண அச்சில் அதைக் கொண்டுவர முடியாது. காகிதத்துக்கு வேறொரு துணைநிறம் வைத்துக்கொள்ள வேண்டும்.

லோகோவைவிடப் படங்கள்தாம் அதிகம் பேசுகின்றன. தங்கள் கட்டுரையோடு வெளியான படத்தில், மரத்தின் மேலிருப்பவர் ஒற்றைக் கையில் செயின்சாவைப் பிடித்திருந்தார், முகக்காப்பு இல்லை. இப்படி ஒரு படத்தைத் தன் பக்கத்தில் வைக்கும் நிறுவனம், மற்றபடி எவ்வளவு அழகாக வடிவமைத்திருந்தாலும், விவரம் அறிந்த வாடிக்கையாளரை அந்த நொடியே இழக்கும். முன்னும் பின்னும் எடுக்கும் படங்களை ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே பருவத்தில் எடுங்கள்; இலையுதிர்ந்த மரத்தையும் இலை நிறைந்த மரத்தையும் ஒப்பிட்டு எதையும் காட்ட முடியாது. வீட்டு எண்ணும் வண்டி எண்ணும் படத்தில் விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதி வெட்டை அருகிலிருந்து ஒரு படம் எடுங்கள்: மோதிரம் முழுசாக இருக்க வேண்டும், கீழே பட்டை கிழிந்திருக்கக் கூடாது. கிழியாமலிருக்கத்தான் மூன்று வெட்டு முறை. தண்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி அடியிலிருந்து பாதிக்கும் குறைவாக ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கிளையை இறக்கும் வெட்டு, கடைசியாக மிச்சக் கட்டையை மோதிரத்துக்கு வெளியே எடுக்கும் வெட்டு. இந்த மூன்றையும் வரிசையாகக் காட்டும் படத்தொகுப்பு ஒன்று போதும், விளம்பர வாசகமே வேண்டியதில்லை.

வணிகச் சின்னமாகப் பதியும்போது, பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரிக்கும் பன்னாட்டுப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் மர சிகிச்சை 44ஆம் வகுப்பில் வருகிறது, தடிமரம் வெட்டிப் பதப்படுத்துவது 40இல் வருகிறது. இரண்டையும் செய்கிறவர்கள் இரண்டிலும் தேட வேண்டும். செய்யும் வேலையை அப்படியே சொல்லும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம். வடிவமைப்பாளரிடமிருந்து வெக்டார் கோப்பு (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோப்பு), ஒற்றை நிற வடிவம், வெள்ளை வடிவம், தையல்பூவுக்கான தனிக் கோப்பு, நிற எண்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கர் கடைக் கணினியில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் பெயரே ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்பிலும் வடிவமைப்பிலும் உள்ளோர் சிலர்