நெடுஞ்சாலைப் பராமரிப்புக்குப் பல்லாண்டுத் திட்டம் வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சாலைப் பணிப் பொறியாளர்கள்
பெறுநர்: தலைமைப் பொறியாளர் அவர்கள், நெடுஞ்சாலைத் துறை

பொருள்: மோசமான சாலைக்கே முதல் நிதி என்ற முறையை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நிதி வந்ததும் அதிகம் பெயர்ந்த சாலையில் தொடங்கி, பணம் தீரும்வரை போட்டுக்கொண்டே போவது வழக்கமாகிவிட்டது. பார்வைக்கு நியாயம்தான். ஆனால், முழுக்கச் சிதைந்த சாலையை எப்படியும் அடித்தளத்தோடு பெயர்த்துப் போட வேண்டும். பள்ளங்களை மட்டும் அடைத்துவிட்டு ஓராண்டு தள்ளினாலும் செலவு பெரிதாக ஏறாது. இப்போதுதான் வெடிப்பு விட்ட சாலையைத் தள்ளிப்போட முடியாது. மழைநீர் ஜல்லித் தளத்துக்குள் இறங்கும். லாரிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் நுண்மண் வெளியே பீறிடும். வெடிப்பின் ஓரத்தில் சேறு படிந்திருந்தால், வெறும் வெடிப்பு அடைப்புக்கான காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1980இல், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் வாய்ப்பைக் கணக்கிடும் மார்க்கோவ் முறைப்படி, சாலைகளின் வருங்கால நிலையைக் கணித்துப் பணிகளைத் தேர்ந்தெடுத்தது. முதலாண்டிலேயே சுமார் 1.4 கோடி டாலர் மிச்சமானது.

நாங்கள் கேட்பது இதுதான். கிலோமீட்டர் கல் கணக்கில் இல்லாமல், தள அமைப்பும் அடிமண்ணும் போக்குவரத்தும் ஒத்த பகுதிகளாகச் சாலையைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வெடிப்பு, சக்கரத் தடப்பள்ளம், வண்டியின் குலுக்கல் ஆகியவற்றோடு, பெங்கல்மேன் பீம் என்ற கருவியைக் கொண்டு சுமையின் கீழ் தளம் எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும், அதுவும் மழை ஓய்ந்து அடிமண் ஈரமாக உள்ளபோதே. குலுக்கல் அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். புதிய மெல்லிய மேல்தளம் வழுவழுப்பாக இருக்கும், கீழே பலம் இருக்காது.

வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது, அச்சுச் சுமையையும் எடைபோட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனை காட்டியபடி, சேதம் ஏறத்தாழ சுமையின் நான்காம் மடியில் கூடுகிறது. 20 சதவீதம் கூடுதல் பாரம் என்றால் சேதம் இரு மடங்கு.

பிறகு, 'இவ்வாண்டு எதுவும் செய்யாமை' உட்பட ஒவ்வொரு வழிக்கும் 20 ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, நிதி வரம்புக்குள் மொத்தச் சாலைகளுக்கும் அதிகப் பயன் தரும் கலவையைத் தேர்ந்தெடுக்கலாம். முதலைத்தோல் வெடிப்பின் மேல் புதுத் தார் போட்டால் அதே வெடிப்பு மேலே ஏறிவரும் என்பதால், அங்கே சேதமான தளத்தை மில்லிங் செய்து (இயந்திரத்தால் சுரண்டி) எடுப்பதும் வடிகாலைச் சரிசெய்வதும் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். குழாய், கேபிள் தோண்டும் துறைகளின் திட்டத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். இதைச் சொல்லியா தெரிய வேண்டும்!

தடுப்புப் பராமரிப்புக்கென வேறு பணிக்கு மாற்ற முடியாத தனி நிதி ஒதுக்கி, வெடிப்பு அடைப்பு ஒப்பந்தங்களை மழைக்காலத்துக்கு முன்பே முடிக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சாலைப் பணிப் பொறியாளர்கள்