மகளோடு சேர்ந்து படிக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளோடு சேர்ந்து நீயும் ஜாவா நிரல்மொழியில் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகள்) படிக்கிறாய் என்றதும் சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வந்தன. என் கதை வழக்கம்போலத்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் நீ கேட்ட கேள்வி என் தலையிலும் ஓடிக்கொண்டிருப்பதுதான்.

நாம் சி மொழியில் பாயின்டரோடு (நினைவக முகவரியோடு) மல்லுக்கட்டினோம், இவர்கள் கிளாஸ் (தரவும் அதைக் கையாளும் செயல்களும் சேர்ந்த அச்சு), ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்தது) என்றே ஆரம்பிக்கிறார்களே, மண்டையில் ஏறுமா என்கிறாய். தாராளமாக ஏறும். தட்டுகளை அடுக்குவதுபோல உச்சியில் மட்டும் வைத்து எடுக்கும் ஸ்டாக்கையே எடுத்துக்கொள். அன்றைக்கு நமக்கு அது ஓர் அரே (எண்ணிட்ட இடங்களின் வரிசை), உச்சியைக் காட்ட ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண்ணை நிரலின் எந்த மூலையிலிருந்தும் மாற்றிவிடலாம். கிளாஸாக எழுதினால் இரண்டையும் வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கிவிட்டு, புஷ் (உச்சியில் வைப்பது), பாப் (உச்சியிலிருந்து எடுப்பது) என்ற மெத்தடுகளை, அதாவது செயல்களை, மட்டும் வெளியே விடுகிறோம். கடைசியில் போனதுதான் முதலில் வரும் என்ற விதியைக் காப்பது அவற்றின் பொறுப்பு. தப்பு நடந்தால் தேட வேண்டிய இடமும் அங்கேதான். 1970களில் கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் சி.எல்.யு. என்ற நிரல்மொழியை உருவாக்கியபோது வலியுறுத்தியதும் இதைத்தான்.

ஆனால் ஜாவாவிலேயே இருக்கும் ஸ்டாக் கிளாஸைப் பாரேன்! வளரக்கூடிய அரேயான வெக்டரிலிருந்து இன்ஹெரிட் செய்துவிட்டார்கள், அதாவது அதன் செயல்களையெல்லாம் வாரிசாகப் பெறவைத்துவிட்டார்கள். வெக்டர் செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். நடுவில் செருகலாம், அடியிலிருந்து உருவலாம். அப்புறம் அது என்ன ஸ்டாக்? வெக்டரைத் தனக்குள் ஒளித்து வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. இப்போது ஜாவாவின் ஆவணமே அதற்குப் பதில் டெக்கை (இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற வரிசையை) பயன்படுத்தச் சொல்கிறது. இன்ஹெரிடன்ஸ் பாடம் வரும்போது மகளுக்கு இதைக் காட்டு. நாயும் ஒரு விலங்கு என்கிற அந்தச் சலித்துப்போன உதாரணத்தைவிட நன்றாகப் பதியும்.

எனக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருப்பதை மறைக்கும்போது செலவும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஜாவாவில் அரேலிஸ்ட் உள்ளே ஓர் அரேயை வைத்திருக்கும்; லிங்க்ட்லிஸ்ட் ஒன்றோடொன்று கோத்த நோடுகளால் (கண்ணிகளால்) ஆனது. ஆனால் இரண்டுக்கும் ஒரே லிஸ்ட் இன்டர்ஃபேஸ்தான், அதாவது வெளியே தெரியும் மெத்தடுகள் ஒன்றேதான். இரண்டிலும் கெட் என்று எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். அரேலிஸ்ட் நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். லிங்க்ட்லிஸ்டோ எந்த முனை பக்கமோ அங்கிருந்து நோட் நோடாக நடக்கும். 1,00,000 உறுப்புகளை இப்படி வரிசையாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 25,000 தாவல், மொத்தம் 250 கோடி! விட்ட இடத்தை நினைவில் வைத்து அடுத்ததற்கு நகரும் இட்டரேட்டர் வைத்துப் போனால் சுமார் லட்சம் தாவலில் வேலை முடியும். நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு அந்த கெட் வரி இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் ரெடிமேட் கிளாஸைத் தொடுவதற்கு முன் மகள் ஒரு லிங்க்ட் லிஸ்டைத் தானே எழுதட்டும். காலி லிஸ்டில் சேர்ப்பது, மிச்சமிருக்கும் ஒரே நோடை நீக்குவது, இந்த இரண்டிலும்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். அவளும் விழட்டும், அவசரப்பட்டு நீ சொல்லிக்கொடுக்காதே. பிறகு அவள் ஸ்டாக்குக்குள் இருக்கும் அரேயை எடுத்துவிட்டு இந்த லிஸ்டை வைக்கச் சொல். அந்த ஸ்டாக்கைப் பயன்படுத்தும் நிரலில் ஒரு வரிகூட மாறக் கூடாது. மாற வேண்டியிருந்தால், எதை வெளியே விட்டுவிட்டோம் என்று அவளே கண்டுபிடிப்பாள்.

சரி, நீ எழுதியதையும் சேர்த்து அனுப்பு. யாருடையது தேவலை என்று முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்