மணலுக்குள் ஆறு

முஃபிண்டி, தான்சானியா
செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமா? முழங்கால் வலியோடு இன்னும் மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறீர்கள் என்று அம்மா போனில் சொன்னாள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

இங்கே வேலை பழகிவிட்டது. கோத்தகிரி டீ ஃபேக்டரியில் பார்த்த அதே வாடல் தொட்டி, இலையை நசுக்கிச் சுருட்டும் அதே சி.டி.சி. மெஷின், அதே வாசனை. மூடுபனியும் அப்படியேதான். மாதம் மட்டும் தலைகீழ். ஜூன், ஜூலையில் குளிரில் பல் கிட்டிக்கும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்று மரியாதை சொல்வார்கள். முதல் தடவை என்னைப் பார்த்து ஒரு பையன் சொன்னதும், வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நரைமுடி தேடினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் லீவு போட்டு ருவாஹா காட்டுக்குப் போனேன். தான்சானியா என்றால் எல்லோரும் செரெங்கெட்டிக்குத்தான் ஓடுகிறார்கள். ருவாஹாவுக்கு இரிங்கா ஊரைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். காடு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். நம் முதுமலை வெளிவட்டத்தோடு சேர்த்தே 688தான். முதல் நாள் காலை முழுக்க எங்களைத் தவிர இரண்டே வண்டிகள் கண்ணில் பட்டன. தெப்பக்காடு ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மான் தலைகாட்டினால் எத்தனை கார் நிற்கும்!

காட்டுக்குப் பளிச்சென்று உடுத்தக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்களே, அதை நினைத்து கருநீலச் சட்டை போட்டுப் போனேன். அங்கே செட்சி என்று ஒரு ஈ. அதற்கு நீலமும் கறுப்பும்தான் பிடித்த நிறம். அதைப் பிடிக்கவே நீலமும் கறுப்பும் கலந்த துணியைப் பொறியாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அன்றைக்கு நானே ஒரு பொறி. நம்மூர் உண்ணிகூடக் கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் ஏறும். இது சட்டையோடு சேர்த்துக் குத்துகிறது.

அப்புறம் இன்னொரு மானக்கேடு. தந்தத்தோடு ஒரு யானை புதரை விலக்கி வந்தது. "கொம்பன்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அதன் காலுக்கடியிலிருந்து குட்டி எட்டிப் பார்த்தது. இங்கே பொட்டைக்கும் தந்தம் உண்டு என்று படித்திருந்தேன், ஆனாலும் வாய் முந்திவிட்டது. டிரைவர் பெரியவர் உதட்டில் விரல் வைத்து எஞ்சினை அணைத்தார். உங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இம்வாகுசி என்ற மணல் ஆற்றின் கரை அது. மழைக்காலத்தில்தான் ஓடும். அந்தப் பெரிய பொட்டை முன்னங்காலால் மணலைக் கிளறி, தும்பிக்கையால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. குழி தும்பிக்கை முழுதும் இறங்கும் ஆழமானதும் அப்படியே நின்றது, ஊறட்டும் என்று. முதலில் உறிஞ்சிய கலங்கல் தண்ணீரைப் பக்கத்தில் பீச்சிவிட்டது. தெளிந்த பிறகுதான் குடித்தது. குட்டிக்குத் தும்பிக்கை எட்டவில்லை. மண்டிபோட்டுப் பார்த்து, குழியின் ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டது. அம்மாக்காரி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி தோண்டினாள். ஒரு மணி நேரம் நாங்கள் அசையவில்லை. அவர்கள் நகர்ந்ததும் குரங்குக் கூட்டம் அந்தக் குழிக்கு வந்தது.

சிங்கம் பார்த்தேனா என்று உங்கள் பையன் கேட்பான். பார்த்தேன். தூங்கியது.

மறுநாள் பெரிய ருவாஹா ஆற்றுக்குப் போனோம். அது வருஷம் முழுக்க ஓடவேண்டிய ஆறு. அங்கேயும் ஓட்டமில்லை. மிச்சமிருந்த ஒரு குட்டையில் நீர்யானைகள் முதுகோடு முதுகு உரச, சேற்றில் அடைந்து கிடந்தன. நாற்றம் வண்டிவரை வந்தது. 1993-இலிருந்து வறட்சிக் காலத்தில் இப்படி நின்றுவிடுகிறதாம். மேலே உசங்கு சமவெளியில் நெல்லுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். 2008-இல் அங்கிருக்கும் சதுப்பு நிலத்தையும் காட்டோடு சேர்த்தார்கள், ஆறு இன்னும் பழையபடி ஆகவில்லை.

உசங்கு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நம்மூர் அரிசி மாதிரியே குழையாமல் வேகிறது, வாசனையாக இருக்கிறது என்று போன கடிதத்தில் அத்தைக்குப் பெருமையாக எழுதியிருந்தேனே, அது அந்தப் பக்கத்து அரிசிதான். அந்தக் குட்டையின் கரையில் பெரியவர் திறந்து நீட்டிய டப்பாவிலும் அதே சோறு. சாப்பிட்டேன் மாமா. பசி.

மரவகண்டி அணையில் இப்போது தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது? யானைகள் சாயங்காலம் இறங்குகின்றனவா? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். கிளட்ச் மாற்ற அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்