பிரிக்காத கடிதங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

வெளிநாட்டில் வாழும் நம் தமிழர் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது, "விழா நடத்த ஆள் இருக்கிறது, அன்றாடச் சிக்கலுக்குத்தான் ஆள் இல்லை" என்று பலர் சொன்னீர்கள். அதை மனதில் வைத்து, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகலில் சங்க அறையில் ஓர் உதவி மேசை போட்டோம். இந்த அறிக்கை பெரும்பாலும் அந்த மேசையைப் பற்றியதுதான். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

மேசை தொடங்கிய புதிதில் ஓர் உறுப்பினர் துணிப்பை நிறையக் கடிதங்களோடு வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரு கடிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. "அக்கா, எனக்கு இந்த மொழி சரியா வரல. பிரிச்சுப் பார்த்தா பயமா இருக்கு. அதான் சேர்த்து வெச்சுட்டேன்" என்றார். பையை மேசையில் கவிழ்த்தோம். விளம்பரம் ஒரு பக்கம், வங்கியும் காப்பீடும் ஒரு பக்கம், அரசு முத்திரை உள்ளவை ஒரு பக்கம் என்று ஒதுக்கினோம். அரசுக் குவியலில் ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று கடிதங்கள். முதலாவது, ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னது. இரண்டாவது, நினைவூட்டல். மூன்றாவது, அபராதம். அந்தப் படிவம் கேட்டது அவர் பிறந்த தேதியையும் கையெழுத்தையும் மட்டும்தான். முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்றைக்கே படிவத்தை நிரப்பி, விளக்கக் கடிதம் ஒன்றும் எழுதி அனுப்பினோம். அபராதத்தைத் தவணையில் கட்ட அந்த அலுவலகம் ஒப்புக்கொண்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று மேசையைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் "என் வீட்டிலயும் நாலஞ்சு கிடக்கு" என்றார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கெடு என்பது நாம் உறையைப் பிரித்த நாளிலிருந்து ஓடுவதில்லை. கடிதம் எழுதிய நாளிலிருந்தோ நம் பெட்டியில் விழுந்த நாளிலிருந்தோ ஓடுகிறது. எனவே உறையையும் எறியாதீர்கள், அதில் அஞ்சல் முத்திரைத் தேதி இருக்கும். கடிதம் முழுவதும் புரிய வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தாலே மூன்று விஷயம் தெரிந்துவிடும்: எழுதிய தேதி, கோப்பு எண், எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும். முடிவு தவறு என்று தோன்றினால், யாரிடம் எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் இருக்கும். பதிலை எழுத்தில் கொடுங்கள், கோப்பு எண்ணை மேலே போடுங்கள், அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்று யாரோ சொன்னதை நம்பி இருந்துவிட்டு, பிறகு அதற்கு ஒரு தடயமும் இல்லாமல் நின்றவர்களை இந்த ஆண்டு பார்த்தோம்.

அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வீடு மாறியபோது வங்கி, காப்பீடு, குடியேற்ற அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி என எல்லா இடத்திலும் முகவரியை மாற்றினீர்களா என்றும் பாருங்கள். குடியேற்ற அலுவலகத்துக்கு முகவரி மாற்றத்தைக் குறித்த நாளுக்குள் சொல்லவேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் சுழல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார். வங்கி முகவரிச் சான்று கேட்கும். முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். வேலை கொடுத்த நிறுவனத்திடம் சம்பளத்தையும் வேலையில் சேர்ந்த நாளையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள், இந்தச் சுழலை உடைக்க அதுதான் முதல் கருவி. முதல் சில மாதத்துக்கு, முகவரியைப் பதிய அனுமதிக்கும் தற்காலிக இடத்தை எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் நம் உறவினர்களுக்கு ஒரு செய்தி: அங்கே சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும் அடிப்படை வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமையை 2014ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் கொடுத்திருக்கிறது. நிலையான முகவரி இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்பவரிடம் சாவியும் இருக்காது, வீடும் இருக்காது. இந்த ஆண்டு அப்படி ஏமாந்த ஒரு மாணவருக்கு அன்றிரவு தங்க இடம் தேடி, செயற்குழுவில் இருவர் நள்ளிரவு வரை போனில் இருந்தார்கள். இன்னொரு குடும்பத்துக்கோ, காலி செய்தபோது முழு முன்பணமும் திரும்பி வந்தது. குடிவந்த முதல் நாளே அந்த வீட்டு அம்மா சுவரில் இருந்த கீறல், குளியலறை மூலையில் இருந்த ஈரத்திட்டு, மின்சார மீட்டரின் எண் என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்திருந்தார். காலி செய்யும் நாளில் "இந்த ஈரம் நீங்கள் வந்த பிறகு வந்தது" என்று பேச்சு எழுந்தது. அவர் அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறந்து காட்டினார், அதோடு பேச்சு முடிந்தது.

சான்றிதழ்களைப் பற்றி மேசைக்கு வந்த கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. பிறப்பு, திருமணம், பட்டம் ஆகிய சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்க அப்போஸ்டில் என்னும் அரசு அத்தாட்சி முத்திரை கேட்பார்கள். இது 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் வந்த முறை. இதில் நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் சீனாவிலும் 2024 ஜனவரியில் கனடாவிலும் நடைமுறைக்கு வந்ததால், இந்த இரண்டு நாட்டுக் காகிதங்களுக்கு முன்பிருந்த தூதரக அலைச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இரண்டு விஷயங்கள்: சான்றிதழ் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டு அதிகாரிதான் இந்த முத்திரையைத் தர முடியும். இன்னொன்று, முத்திரை உறுதிப்படுத்துவது கையெழுத்தையும் பதவியையும் மட்டுமே, உள்ளே எழுதியிருப்பது சரி என்று அது சொல்வதில்லை. முதலில் முத்திரை வாங்கி, பிறகு மொழிபெயர்ப்பு செய்யுங்கள். முன்னதாகவே மொழிபெயர்த்துவிட்டால், முத்திரைப் பக்கத்துக்காக மறுபடி மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டி வரும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாம் அதில் சிலசமயம் அப்பா பெயரைப் போடுகிறோம், சிலசமயம் முதலெழுத்தை மட்டும் போடுகிறோம், சிலசமயம் காலியாக விடுகிறோம். ஓர் உறுப்பினர் மருத்துவமனையில் காத்திருந்தபோது செவிலியர் மூன்று முறை அவருடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தார், முறை போய்விட்டது. அன்று போனது ஒரு மணி நேரம்தான். ஆனால் கடவுச்சீட்டில் ஒரு வடிவம், விமானச் சீட்டில் ஒரு வடிவம், வங்கியில் ஒரு வடிவம் என்று இருந்தால் பயணமே நின்றுவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது பலர் திண்டாடினார்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். குழந்தைக்குப் பெயர் பதியும்போதே இதை யோசித்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

இனி சொல்லப்போவதுதான் இந்த ஆண்டு என்னை மிகவும் வருத்தியது. நம் உறுப்பினர் ஒருவர் திடீரென மயங்கி விழுந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அவர் மனைவி என்னை அழைத்தபோது இரவு. "அக்கா, காப்பீட்டு நம்பர் கேட்கறாங்க. எல்லாம் அவர் போன்லதான் இருக்கு. போன் பூட்டியிருக்கு" என்றார். எந்தக் காப்பீடு, எந்த வங்கி, வாடகை எந்தத் தேதியில் போகிறது, கணவர் அன்றாடம் சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன, எதுவுமே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவர் தவறு இல்லை. வீட்டுக் காகிதம் எல்லாம் ஒருவர் வேலை என்று ஒதுக்கிவிட்டோம், பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. கணவர் நலமாகி வீடு திரும்பிவிட்டார் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவை அந்த அம்மா மறக்கமாட்டார், நானும்தான்.

அதற்குப் பிறகுதான் "இரண்டாம் ஆள்" தாள் என்று ஒன்றைச் செயற்குழு தயாரித்தது. ஒரே பக்கம். காப்பீட்டு எண், மருத்துவர், ஒவ்வாமை, மாத்திரைகள், வங்கியின் பெயர், வீட்டுக்காரர் எண், வேலையிடத்தில் ஒருவர், ஊரில் ஒருவர். கடவுச்சொல் எதையும் இதில் எழுதவேண்டாம். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று துணைக்குத் தெரிந்தால் போதும். தனியாக இருப்பவர்கள் நம்பிக்கையான ஒரு நண்பரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மாத்திரையை வணிகப் பெயரில் எழுதாதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் வெளியிட்டு வருகிறது, அட்டையில் சின்ன எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்தான். அதிலும் சில விதிவிலக்கு உண்டு: பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். கோடீன், டிரமடால் சேர்ந்த மருந்துகளைச் சில நாடுகளுக்குள் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகவே கூடாது. மருத்துவர் சீட்டை எப்போதும் கூடவே வைத்திருங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்கு அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், கையில் போய்ச் சேரும் தொகையைப் பாருங்கள். நாணய மாற்று விகிதத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்குகளில் ஒன்று, இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஊரில் இருந்த பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். எண் செயலிழந்தால் வங்கியின் ஓடிபி வராது, போதாக்குறைக்கு அந்த எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ போய்விடும். தூதரகத்திலிருந்தோ குடியேற்றத் துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். திரையில் தெரியும் எண்ணை மோசடிக்காரர்களால் மாற்றிக் காட்ட முடியும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரே வார்த்தை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது சொந்த உரிமத்தின் மொழிபெயர்ப்புத்தான், தனியாகச் செல்லாது. 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி தருவது ஓராண்டும் 1968 உடன்படிக்கைப்படி தருவது அதிகபட்சம் மூன்றாண்டும் செல்லும். ஆனால் நீங்கள் இங்கே குடியிருப்பவராக ஆன பின் உள்ளூர் உரிமத்துக்கு மாற வேறு கெடு இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டினால் விபத்தின்போது காப்பீடு கைவிடக்கூடும்.

நம் உறுப்பினர் ஒருவரின் தந்தை இங்கே பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் காலமானார். குடும்பத்தாருக்கு மீண்டும் நம் இரங்கல். உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் ஒப்புதல், ரத்து செய்த கடவுச்சீட்டு எல்லாம் தேவைப்பட்டன. அந்த நேரத்தில் மகனால் ஒரு படிவத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. செயற்குழுவினர் மூவர் முறைவைத்து அவரோடு அலுவலகங்களுக்குப் போனார்கள், அவர்களுக்கு இந்தச் சபை நன்றி சொல்லவேண்டும். பெற்றோரை அழைத்து வருபவர்கள் பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் உடலை ஊருக்கு அனுப்பும் செலவுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். உதவி மேசையை மாதம் இருமுறை ஆக்கவேண்டும். "இரண்டாம் ஆள்" தாளை நிரப்ப ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கவேண்டும், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும். உள்ளூர் மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் முன்வரவேண்டும். இப்போது இந்த வேலை முழுவதும் இரண்டு பேர் தலையில்தான் விழுகிறது, அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

துணிப்பையோடு வந்த அந்த உறுப்பினர் கடந்த நான்கு மாதமாக மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். கடிதங்களை ஒதுக்குவது அவர் பொறுப்பு. அடுத்த மேசை வரும் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு. வீட்டில் பிரிக்காத உறை எது இருந்தாலும் அப்படியே எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்