வாசி தீரவே

அன்புள்ள மகன்,

காசு வந்து சேர்ந்தது. ஒன்றாம் திகதியே வந்துவிட்டது. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். என் ஓய்வூதியம் இரண்டு பேருக்கும் போதும், அம்மாவின் மருந்துக்கும் போதும்.

வீடியோவில் நீ மெலிந்து தெரிந்தாய் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறா. குளிருக்கு அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. மாமியின் மகன் உன்னை ஒரு சனிக்கிழமை அங்கே கண்டதாகச் சொன்னான். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு ஞாயிறாக நீ அம்மாவோடு கதைக்காதது சரியில்லை.

கோயிலில் பெரியபுராணம் படிக்கிறார்கள். இந்த வாரம் திருவீழிமிழலை. பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருக்க, சிவன் ஆளுக்கு ஒரு காசு நாளும் பீடத்தில் வைக்கிறார். அதை எடுத்துத்தான் அடியார்களுக்குச் சோறு. சம்பந்தரின் காசுக்குக் கடையில் வட்டம் கழித்தார்கள், மதிப்பைக் குறைத்தே எடுத்தார்கள், அந்தக் குறைப்புத்தான் வாசி. சோறு பிந்தியது. அவர் பேசாமல் இருக்கவில்லை. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று கேட்டே பாடினார். சின்ன வயதில் நீ ராகத்தோடு பாடிப் பரிசு வாங்கிய பதிகம். அன்று நான் பெருமையாக முன் வரிசையில் இருந்தேன். அது கேட்டு வாங்குகிறவனின் பாட்டு என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

1877 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஊற்றியவரின் பெயர் நிற்கிறது. குடித்தவர்கள் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த வரிசையில் எங்கள் பூட்டன், பூட்டியும் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அந்தக் கஞ்சியால்தான் நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் பெரியவர்கள் கொடுக்கிறவனுக்கு எவ்வளவோ சொன்னார்கள். வாங்குகிறவனுக்கு நான் உனக்குச் சொல்லித்தந்தது ஒரே வரி, 'ஏற்பது இகழ்ச்சி'. ஏடு தொடக்கிய வருடமே அதை மனப்பாடம் பண்ண வைத்தேன். திருக்குறளில் இரவு என்ற அதிகாரமும் இருக்கிறது. கேட்கத் தகுந்தவரிடம் கேள், அவர் ஒளித்தால் பழி அவருக்கே, உனக்கில்லை என்றுதான் அது தொடங்குகிறது. அதை நான் உனக்குப் படிப்பிக்கவில்லை.

2022இல் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் கொழும்பே வரிசையில் நின்றபோது, கோயிலில் உலர் உணவுப் பொதி கொடுத்தோம். பெயர் எழுதும் கொப்பி என் கையில். உன் கணக்கு ரீச்சர் வந்து நின்றா. எல்லார் முன்னாலும் "ரீச்சர், நீங்களுமா?" என்று கேட்டேன். பெயரை உரத்துச் சொல்லி எழுதினேன். படம் எடுக்கிற பெடியனையும் கிட்ட வரச் சொன்னேன். அவ பொதியைத் தொடாமலே திரும்பிப் போனா. அன்றிரவு உனக்கு அதைச் சொன்னேன், ரீச்சரின் நிலைமையைப் பார்த்தாயா என்று. நீ "சரி அப்பா" என்று போனை வைத்தாய். அதற்குப் பிறகு உன் கஷ்டம் ஒன்றையும் நீ எனக்குச் சொன்னதில்லை.

ரீச்சரின் வீட்டு ஒழுங்கையால் நான் இன்னும் போவதில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குச் சுற்றித்தான் போகிறேன். ரீச்சர் அங்கேதான் இருக்கிறா என்று அம்மா சொன்னா. இந்த வெள்ளிக்கிழமை போய்க் கதவைத் தட்டுவேன். திறந்தால் மன்னிப்புக் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எடு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன், இடையில் பேசமாட்டேன். அந்தச் சனிக்கிழமை போன இடத்துக்குத் திரும்பவும் போக வேண்டியிருந்தால் போ, மகன். நல்ல ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ. அடுத்த மாதம் காசு அனுப்பாதே.

அப்பா