சல்பைடு தெருவிலிருந்து

புரோக்கன் ஹில், ஆஸ்திரேலியா
ஞாயிறு இரவு

கயல் பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள், எனக்கும் சட்டென்று வார்த்தை வரவில்லை. "அங்க வயசானவங்களும் தூசியும்தானேப்பா மிச்சம், வீட்டை வித்துட்டு அடிலெய்டுக்கே வந்துடுங்களேன்" என்றாய். கோபமெல்லாம் இல்லை. பாதி உண்மைதான் அது.

தூசியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இந்த ஊர்ச் சுரங்கத்திலிருந்து வரும் ஈயத் தூசி. நீ தவழ்ந்த காலத்தில் உன் அம்மா தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைத்து, தரையையும் துடைத்த பிறகுதான் உன்னைக் கீழே விடுவாள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று விரலில் குத்தி ஒரு சொட்டு எடுக்கும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நீ தெருவே கேட்கும்படி அழுவாய். கொல்லையில் கீரை போடக்கூட வெளியிலிருந்து மண் வாங்கி, பலகை அடித்து உயர்த்திப் பாத்தி கட்டினேன். இந்த ஊர் சோறு போட்ட கதையைச் சொல்கிறவன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வயசானவர்கள் விஷயமும் நிஜம். 1950களில் 30,000 பேருக்கு மேல் இருந்த ஊர் இது. 2021 கணக்கெடுப்பில் 17,500 சொச்சம். அம்மா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களில் பாதிப் பேர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அவர்களுக்குக் காது கேட்காது, ஆனால் எந்த வருஷம் எந்தச் சுரங்கக் குழியில் யார் சூப்பர்வைசர் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். உன் வகுப்பில் படித்தவர்களோ அடிலெய்டில் இருக்கிறார்கள், இல்லை வேறு சுரங்கங்களுக்கு விமானத்தில் போய்வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ் நாலு வருஷம் முடித்தான். இப்போது இரண்டு வாரம் சுரங்க கேம்ப், ஒரு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் அந்த வாரம் முழுக்கத் தூங்குகிறான், இல்லாவிட்டால் புது பிக்கப் வண்டியைக் கழுவுகிறான். சம்பளம் என் கடைசிச் சம்பளத்தைவிட அதிகம். அவன் குழந்தை அவனைப் பார்த்ததும் முதல் நாள் அம்மா பின்னால் ஒளிந்துகொள்கிறது.

சரி, நாங்கள் ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன்.

நான் நெய்வேலியில் பிறந்தவன். உனக்குத் தெரியும். அதுவும் சுரங்க ஊர்தான். அங்கே தெருப் பெயர் சொல்ல மாட்டோம், பதினாறாம் வட்டம், இருபதாம் வட்டம் என்று நம்பர்தான். இங்கே வந்தால் சல்பைடு, குளோரைடு, புரோமைடு, ஆக்சைடு என்று தெருக்கள். கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் குடிவந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நெய்வேலி குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. உன் தாத்தா ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வைத்த முருங்கையும் இரண்டு தென்னையும் வேறு யாருக்கோ காய்த்தன. கடலூரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து கடைசிவரை அந்தத் தென்னையைப் பற்றியே பேசினார். இங்கே தகரக் கூரையோ தகரச் சுவரோ, வீடு என்னுடையது. வேலை போனாலும் யாரும் சாவி கேட்க மாட்டார்கள்.

இந்த ஊர்க்காரர்களின் முரட்டுத்தனமும் எனக்குப் பிடித்துப்போனது. சிட்னி இருக்கும் அதே மாநிலம், ஆனால் கடிகாரம் அடிலெய்டு நேரம். அடிலெய்டு பக்கம் ரயில் 1888லேயே வந்துவிட்டது. சிட்னியோடு தண்டவாளம் சேர 1927 ஆயிற்று. அதனால் கால்பந்தும் அந்தப் பக்கத்து 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' ஆட்டம்தான். 1919லிருந்து பதினெட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்து வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை என்று வாங்கியவர்கள் இந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள். இதே சங்கக்காரர்கள்தான், கல்யாணமான பெண்கள் ஆசிரியை, நர்ஸ் போன்ற சில வேலைகள் தவிர வேறு எதற்கும் போகக் கூடாது என்றும் வைத்திருந்தார்கள். 1980களின் தொடக்கம் வரை. அம்மாவிடம் சொன்னால் இன்றைக்கும் கரண்டியைத் தூக்குவாள்.

ஊர் நடுவே கழிவுப் பாறை மேட்டின் மேல் இருக்கும் நினைவிடத்துக்குப் போன மாதம் போனேன். சுரங்கத்தில் இறந்த 800 பேருக்கு மேல், பெயரும் எப்படிச் செத்தார்கள் என்பதும் எழுதியிருக்கிறது. பாறை விழுந்து, பாறை விழுந்து, பாறை விழுந்து என்று படித்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் கால் தானாக நின்றுவிடும். என்னோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள் எல்லோரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள் என்பதை அங்கே நின்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இங்கே பிறந்தவர்களை 'ஏ குரூப்' என்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் எடுக்க வைத்திருந்த வரிசை, இப்போது வெறும் பெருமைப் பேச்சு. நான் எத்தனை வருஷம் இருந்தாலும் 'வெளியூர் ஆள்'தான். நீ ஏ குரூப். நீ கிளம்பிப் போய்விட்டாய், நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டு அம்மா நேற்று சீஸ் ஸ்லா கொண்டுவந்தார், இந்த ஊருக்கே உரிய அந்தக் கேரட், சீஸ், மயோனைஸ் கலவை. நான் அதில் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, கடுகு தாளித்துக் கொட்டித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி, "கயல் எப்போ வீட்டுக்கு வர்றா?" என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். காரில் வருவதானால் 500 கிலோமீட்டருக்கு மேல், இருட்டினபின் ஓட்டாதே, கங்காரு குறுக்கே பாயும். இட்லி அரிசி பத்து கிலோவும் நல்லெண்ணெயும் வாங்கி வா. வீட்டு விஷயத்தை அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

அப்பா